மூக்காண்டிபுரத்து எதிர்நிழல்காரர்கள்

மூக்காண்டிபுரத்தில் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும், சடங்கு என்றாலும், ஆள் செத்துப்போனாலும், ஏன், ஒருத்தன் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தாலும்கூட, தன் மூஞ்சியைத் தென்னைமர உயரத்துக்கு ஃபிளக்ஸில் அடித்து பஸ் ஸ்டாண்டு முக்கில் கட்டாவிட்டால் அந்தக் காரியம் நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால், அந்த ஊரில் பள்ளிக்கூடத்தைவிட ஃபிளக்ஸ் கடைகள் அதிகம். அத்தனை கடைகளிலும் படம் போடத் தெரிந்தவன் அம்பலவாணன் ஒருத்தன்தான். அதை அவனே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கவின் கலைக் கல்லூரியில் படித்து, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிற ஹைதராபாத் கம்பெனியிலிருந்து அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போக, மாமனார் வைத்துக் கொடுத்த கடையில் வந்து உட்கார்ந்தவன் அவன். அந்தக் கடையில் உட்கார்ந்ததை ஊருக்கே தான் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தான். மற்ற கடைக்காரர்கள் போட்டோவை வெட்டி ஒட்டி மூஞ்சிக்கு வெள்ளை அடித்து அனுப்பிவிடுவார்கள். இவன் அப்படிச் செய்யமாட்டான். டேப்லெட்டில் பேனாவை வைத்து ஒவ்வொரு முகத்தையும் முதலிலிருந்து வரைவான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு பண்ணாமல் பேனாவைத் தொடுகிறவன் மாடு மேய்க்கப் போகலாம் என்பான். நிழலுக்கென்று தனியாக, கண்ணாடித்தாள் மாதிரி, ஒரு லேயர் போட்டு அதை அடி நிறத்தோடு கலக்கிற மல்டிப்ளை முறையில் வைப்பான், அடியில் இருக்கிற தோல் நிறம் சாகாமல் இருக்க. அந்த லேயரில் கறுப்பை மட்டும் தொடவே மாட்டான். நீலத்தையும் ஊதாவையும் வைத்தே நிழலை எழுப்புவான். கன்னம் திரும்புகிற இடத்தில் நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடுவான், மூக்கு உதட்டின்மேல் விழுத்துகிற நிழலின் ஓரத்தை வெட்டினாற்போல் நிறுத்துவான், சட்டையில் பட்டு எகிறுகிற வெளிச்சத்தைத் தாடைக்கு அடியில் லேசாக ஏற்றிவிடுவான். இவ்வளவையும் செய்து முடித்தபின் படத்துக்குச் சொந்தக்காரன் வந்து, "தம்பி, மூக்குக்குக் கீழ கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க, அதத் தொடச்சிட்டு, அப்படியே கொஞ்சம் கலர் தூக்கி விட்டுருங்க" என்பான். அம்பலவாணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துடைத்துக் கொடுப்பான்.

புது பஸ் ஸ்டாண்டு திறப்பு விழாவுக்கு சேர்மன் பால்துரையின் படத்தை மட்டும் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தன் இஷ்டத்துக்கு வரைந்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டு கட்டடம், இடப்பக்கத்திலிருந்து காலை வெளிச்சம், முன்னால் கைகூப்பி நிற்கிற சேர்மன், அவர் காலடியிலிருந்து வலப்பக்கமாக நீண்டு போகிற நிழல். கட்டடத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து சேர்மன் சட்டையின் மடிப்பு வரைக்கும் ஒரே வெளிச்சம், ஒரே கணக்கு. அச்சுக்குப் போகிற நேரத்தில் சேர்மனின் எடுபிடி செல்லக்கனி வந்து திரையைப் பார்த்தான்.

"படம் ஜோரா இருக்கு தம்பி. ஆனா கட்சித் தலைவர் படம் வலது பக்கம் மேல இருக்கு, அண்ணன் இடது பக்கமாப் பாத்துட்டு நிக்காரு. தலைவருக்கு முதுகைக் காட்டுன மாதிரி இருக்கே. எவனாவது போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டான்னா அண்ணனுக்கு அடுத்த தடவ சீட்டு கிடையாது. திருப்பி விடுங்க."

ஃபிளக்ஸில் தொண்டன் எந்தத் திசையில் நின்றாலும் முகம் மட்டும் தலைவரைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அதைத் திருப்பினால் முகத்தில் விழுகிற வெளிச்சமும் திரும்பிவிடும், நிழலை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடவேண்டும் என்பது அம்பலவாணனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்தக் கண்ணில்லாத கூட்டத்துக்கு இது போதும் என்று, சேர்மனையும் காலடி நிழலையும் சேர்த்து ஒரே அமுக்கில் திருப்பிவிட்டு, கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டான். இப்போது கட்டடத்துக்கு வெளிச்சம் இடப்பக்கம், சேர்மனுக்கு வலப்பக்கம், அவருடைய நிழல் போய் விழுந்தது வெளிச்சம் வருகிற திசையிலேயே.

மறுநாள் காலையில் ரிப்பன் வெட்ட மேடையேறி நின்றவர்கள் அத்தனை பேருடைய நிழலும் மேற்கே விழுந்து கிடக்க, சேர்மன் பால்துரையின் நிழல் மட்டும் கிழக்கே, வெயிலைப் பார்த்து, படியில் இறங்கி ரோடு வரைக்கும் நீண்டு கிடந்தது. முதலில் பார்த்தவள் பூக்காரி சந்தனமாரி. "சேர்மன் நிழலு அங்கிட்டுல்லா விழுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்ட ஆரம்பித்தாள்.

வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், பூசை போட்டிருப்பார்கள், படித்த ஆள் யாராவது வந்து அளந்தாவது பார்த்திருப்பார்கள். மூக்காண்டிபுரத்துக்காரர்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியதெல்லாம், இது சேர்மனுக்கு இருக்கிறது, நமக்கு இல்லையே என்பதுதான். பெரிய மனுஷன் நிழல் அப்படித்தான் விழும் என்று ஒருத்தன் சொன்னான், வெயிலுக்கே அண்ணனிடம் மரியாதை என்று இன்னொருத்தன் சொன்னான், சாயங்காலத்துக்குள் அதுதான் முறை என்றும் மற்றவர்களுடைய நிழல்தான் ஏதோ வக்கில்லாத குறையினால் தப்பான பக்கம் விழுந்துகொண்டிருக்கிறது என்றும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஃபிளக்ஸிலும் சேர்மனின் நிழல் வெளிச்சத்தைப் பார்த்தே விழுந்திருப்பதை யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, ரைஸ் மில்காரர் வந்தார், மெட்ரிக் பள்ளிக்கூடத்துத் தாளாளர் வந்தார், பல் டாக்டர் தன் பெஞ்சாதியோடும் மாமியாரோடும் வந்தார். எல்லோரும் அம்பலவாணன் கடை வாசலில் நின்று, "சேர்மனுக்குப் போட்ட மாதிரியே" என்றார்கள்.

மற்ற கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மாய்ந்து மாய்ந்து திருப்பிப் பார்த்தார்கள், தலைகீழாகக்கூடப் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்தன் நிழலும் அசையவில்லை. அவர்கள் தடவி வைத்த நிழலை வெயில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்பலவாணன் போட்ட நிழல் அப்பழுக்கில்லாமல் இருந்ததால்தான் வெயிலே அதை நம்பி ஏமாந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. அவன் காதிலும் அது விழுந்தது. இத்தனை வருஷம் கழித்து இந்த ஊர் தன் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, தன் வேலையிலேயே ஆகக் கேவலமான தப்புக்காகச் சொன்னது என்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் கடையைச் சாத்தவில்லை. வந்தவனை எல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒழுங்காக வரைந்து, ஒழுங்காக நிழல் போட்டு, கடைசியில் ஆளை மட்டும் ஒரே அமுக்கில் திருப்பிவிட்டு அனுப்பினான்.

அதற்குப்பிறகு ஊர் நடந்த நடப்பைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நிழல் வெயிலைப் பார்த்து விழுகிறவர்கள் எதிர்நிழல்காரர்கள் ஆனார்கள், மற்றதெல்லாம் வெறும் நேர்நிழல். உச்சி வெயிலில் எல்லோருடைய நிழலும் காலுக்கு அடியில் சுருண்டுவிடுவதால் யார் எவர் என்று தெரியாமல் போகிறது என்று, மதியத்தில் பெரிய மனுஷர்கள் வெளியே தலைகாட்டுவதை நிறுத்தினார்கள். மேகம் போட்ட நாளில் முகூர்த்தம் வைப்பதை நிறுத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர் தன் காளைக்கும் எதிர்நிழல் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காளை தன் நிழல் எங்கே போனது என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நின்ற இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டது. ஊரிலேயே கூச்சப்பட்டது அது ஒன்றுதான்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பெரிய விளக்கைப் போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உலகநாதன் என்கிற ஆளை உட்கார வைத்தார்கள். அவனுக்கு வேலை, வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பது. நிழல் விளக்கைப் பார்த்து விழுந்தால் முதல் பந்தி, விளக்கைவிட்டு விலகி விழுந்தால் இரண்டாம் பந்தி. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் அதே கணக்குதான், ஒரு விதிவிலக்கும் கிடையாது என்று உலகநாதன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

தாளாளர் ஒருமுறை கூட்டத்தில் சேர்மனை எதிர்த்து ஏதோ பேசிவிட்டார். சேர்மன் கோபப்படவில்லை. செல்லக்கனியை அனுப்பி, "அந்த ஆளை ஒழுங்கா வரைஞ்சு கட்டச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். அம்பலவாணன் தாளாளரை வெளிச்சத்தைத் திருப்பாமல், தப்பில்லாமல் வரைந்தான். அது கட்டி முடிந்ததும் தாளாளரின் நிழல் முன்பு இருந்த பக்கத்துக்கே வந்து விழுந்தது. அந்த மனுஷர் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தவர்தான், பிறகு பள்ளிக்கூடப் பக்கம் வரவே இல்லை. அன்றிலிருந்து "ஒழுங்கா வரைஞ்சிருவோம் பாத்துக்கோ" என்பது மூக்காண்டிபுரத்தில் மிரட்டலாகிவிட்டது. தான் உயிரைக் கொடுத்துப் படித்த படிப்பு ஊருக்குத் தண்டனையாகப் பயன்படுவதை அம்பலவாணன் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊருக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்து ஆற்றிக்கொண்டான்.

அவன் பெஞ்சாதி காந்திமதிக்கும் அவனுக்கும் நேர்நிழல்தான். அவளுக்கு அதில் முதலில் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. கூடப் பிறந்த அண்ணன், அந்த மாதம்தான் எதிர்நிழல் வாங்கியவன், அதே மண்டபத்தில் தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தான். காந்திமதி அத்தை முறை, முதல் நாளே போய் அரிசி களைந்து, இலை நறுக்கி, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தவள், பசி தாங்காமல் சமையல்கட்டு வழியாகவே போய் முதல் பந்தியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். இலையில் உப்பு வைத்தாயிற்று, ஊறுகாய் வைத்தாயிற்று. உலகநாதன் வந்து, அவளுக்குப் பின்னால் கிடந்த நிழலைப் பார்த்துவிட்டு, "யக்கா, அடுத்த பந்தி" என்றான். காந்திமதி சிரித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எந்திரிச்சிரு காந்தி, சேர்மன் வீட்டு ஆளுங்க நிக்காங்க" என்றான். அவள் எழுந்தாள். அவளுக்கு வைத்த இலையிலேயே பல் டாக்டரின் மாமியார் உட்கார்ந்தாள்.

காந்திமதி சாப்பிடாமல் கடைக்கு வந்தாள். அம்பலவாணன் யாரோ ஒரு ஒப்பந்தக்காரரின் கழுத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எனக்கும் ஒண்ணு போட்டுருங்க."

"என்னது?"

"எதிர்நிழல்தான். எங்கண்ணன் என்னைய இலையில இருந்து எழுப்பிட்டான்."

அவன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "முட்டாப்பய ஊரு, முட்டாத்தனமா ஒரு கணக்கு வச்சிருக்கு. நீயும் போயி அதுல விழணுமா? அது தப்புடி. வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். தெரிஞ்சே என் கையால உனக்கு ஒரு தப்பை நான் போடமாட்டேன்."

"ஊருக்கெல்லாம் போடுதிய."

"ஊரும் நீயும் ஒண்ணா?"

"ஊருக்கு முதப் பந்தி, எனக்கு ரெண்டாம் பந்தி. ஒண்ணு இல்லதான்" என்றாள் காந்திமதி. ஒப்பந்தக்காரரின் கழுத்து திரையில் வளர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அம்பலவாணனுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. உறுத்தியதும் அவனுக்குத் தோன்றிய வைத்தியம்தான் வேடிக்கை. காந்திமதியை வரைவது என்று முடிவு பண்ணினான், எதிர்நிழலாக இல்லை, தன் வாழ்நாளில் யாருக்கும் போடாத அளவு ஒழுங்காக. கடைக்கு வந்த வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்தான். அவள் மூக்குத்தி கன்னத்தில் விழுத்துகிற பொட்டு நிழலை வரைந்தான், மஞ்சள் சேலையிலிருந்து எகிறித் தாடைக்கு அடியில் பட்டிருந்த வெளிச்சத்தை வரைந்தான், காதோரத்துச் சதையில் வெயில் ஊடுருவிச் சிவக்கிறதை வரைந்தான், நெற்றியின் மயிர்க்கால்களுக்கு அடியில் இருந்த நீலத்தைக்கூட விடவில்லை. ஆளை எதிரில் உட்கார வைத்து வரையவில்லை, கேட்டும் வரையவில்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்தே வரைந்தான், ஒரு இடத்திலும் பிசகவில்லை, அதைமட்டும் சொல்லத்தான் வேண்டும். தங்கள் கல்யாண நாளன்று, ஃபிளக்ஸ் கட்டுகிற ஏசுவடியானைக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டு முக்கில், சேர்மன் படத்துக்குப் பக்கத்திலேயே கட்டச் சொன்னான். ஊர் வாயடைத்துப் போகும், காந்திமதி கண்கலங்கி வந்து நிற்பாள் என்று எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊர் வாயடைத்துத்தான் போனது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், பஸ் ஏற வந்தவர்கள், பூக்கட்டுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தப்பில்லாமல் வரைந்த முகத்தைப் பார்த்தால் அந்த ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். "கட்டுன பொண்டாட்டிய நடுரோட்டுல ஒழுங்கா வரைஞ்சு மாட்டிட்டானே, அந்தப் புள்ள அப்படி என்ன செஞ்சுது" என்றாள் சந்தனமாரி. டீக்கடையில் ஒருத்தன், எவன்கூடவாவது பேசியிருப்பா என்றான். இன்னொருத்தன், ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே என்றான். தகவல் அவன் கண்ணெதிரே பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து போய், காந்திமதியின் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. அம்பலவாணன் எழுந்து நின்று, இது அன்பினால் வரைந்தது என்று சொல்லப் பார்த்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

காந்திமதி நடந்து வந்தாள். வழிவிட்டார்கள். அவள் ஏசுவடியானிடம் கழற்றச் சொல்ல, அவன் மேலே ஏறி முடிச்சை அவிழ்த்தான், படம் சரிந்து வந்து தரையில் விழுந்து விரிந்து கிடந்தது. அவள் அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். தன் உதட்டை, தன் காதை, முறம் அளவுக்கு இருந்த தன் கண்ணை நிதானமாகப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்தாள். கருவிழியில் வெளிச்சம் பட்டு மின்னுகிற இடத்தில் கையகலத்துக்கு ஒரு ஆள், கையில் பேனாவோடு.

"இது யாரு?" என்றாள்.

அம்பலவாணன் ரோட்டைத் தாண்டி வந்து நின்றான். "கண்ணுல மின்னுற இடத்துல எதிர்ல இருக்கறது தெரியணும். அதான் முறை. எதிர்ல நான்தான இருக்கேன்."

"எதிர்லயே இருந்திருக்கிய. நான் சாப்பிடாம வந்து நின்னப்பவும் எதிர்லதான் இருந்திய." அவள் குரலை உயர்த்தவில்லை. "இவ்வளவு பெருசா என்னைய வரைஞ்சு, உள்ள உங்களை வச்சிருக்கிய. திருப்பிப் போடுங்க. இன்னைக்கே."

அவன் கடைக்குப் போய், தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த படத்தை ஒரே அமுக்கில் திருப்பி, பழைய பக்கமே வெளிச்சம் விழுகிற ஒரு கோபுரத்தைப் பின்னால் வைத்து அச்சுக்கு அனுப்பினான். சாயங்காலம் அது ஏறியது. காந்திமதி தெருவில் நடந்தபோது அவள் நிழல், மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்து முன்னால் போனது. அவள் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

அதற்குப்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போக முடியவில்லை. கோயிலுக்குப் போனால் அவள் ஒரு வரிசை, அவன் ஒரு வரிசை. அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அம்பலவாணன்தான் தாங்கமாட்டாமல், கடைசியில் தன் படத்தைத் தானே வரைந்து திருப்பிக்கொள்வது என்று இறங்கினான். கொள்கையாவது ஒன்றாவது, ஒரு வாரம் தனியாக வரிசையில் நின்றதில் எல்லாம் கரைந்துபோயிருந்தது. வரைந்தான், திருப்பினான், கட்டினான். நிழல் அசையவில்லை. மறுபடி வரைந்தான். மறுபடியும் அசையவில்லை. படத்தை இறக்கிக் கடையில் விரித்துப் பார்த்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. ஊரில் அத்தனை பேர் மூஞ்சியையும் உற்றுப் பார்த்துக் கேவலமாக நினைத்தவன், தன் மூஞ்சியை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. கற்றுக்குட்டிகள் செய்வார்களே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளாமலேயே ஓரமெல்லாம் சுற்றிக் கறுப்பைத் தடவி, நடுவில் பளீரென்று விட்டு, முகத்தைத் தலையணையாக உப்ப வைப்பார்களே, அதைத்தான் செய்து வைத்திருந்தான். தன் மேல் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் விழுகிறது என்பது அவன் கையின் நினைப்பு. அதைக் கையிடமிருந்து பிடுங்க அவனால் முடியவில்லை, எத்தனை தடவை வரைந்தாலும் அதே தலையணைதான் வந்தது. வெயில் அதைப் பார்த்து ஏமாறத் தயாராக இல்லை.

சேர்மன் மகள் கல்யாணத்துக்கு ஊரே போனது. நல்ல வெயில் அடிக்கிற முகூர்த்தமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் காந்திமதி முன்னால் போனாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் நிழல் விளக்கைப் பார்த்து ஓட, உலகநாதன் எழுந்து நின்று வழிவிட்டான். பின்னாலேயே நுழைந்த அம்பலவாணனின் நெஞ்சில் கையை வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த பந்தி."

"ஏ, நான்தான்டா இது எல்லாத்தையும் போட்டவன். உன் சேர்மனுக்கு முதல்ல போட்டதே நான்தான்."

"யாரா இருந்தாலும் அடுத்த பந்தி."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள். அம்பலவாணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். காந்திமதி முதல் வரிசையில், அவளுடைய அண்ணனுக்கும் பல் டாக்டரின் மாமியாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். உலகநாதன் உள்ளே திரும்பி, "யக்கா, வாசல்ல ஒரு ஆள் சத்தம் போடுதாரு, உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டான்.

காந்திமதி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். பிறகு டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஊற்றி, இலையில் தெளித்துத் துடைத்தாள்.